பாலாம்பாள் வீட்டுப் பரஸ்தானம்

பாலாம்பாள் வீட்டுக் கூடத்தில் ஓர் இரவு தங்கிய பெட்டி, விமானக் கம்பெனி எவ்வளவு எடை கேட்கிறதோ அவ்வளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருப்பதில் ஒரு கைக்குட்டைகூடக் குறையாது. 1994 முதல் ஒன்பது வருஷம் பூனாவின் விஷ்ராந்த்வாடியிலிருந்து அமெரிக்கா போன தமிழ்ப் பிள்ளைகளில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டியவர் ஒருவரும் இல்லை.

எல்லாம் பஞ்சாங்கத்தால் ஆரம்பித்தது. வங்கியில் வேலை பார்த்த அனந்தராமனின் மூத்த பிள்ளை மேல்படிப்புக்குக் கிளம்பிய தேதி கரிநாளாக அமைந்துவிட்டது. டிக்கெட்டை மாற்ற வழியில்லை. இந்த மாதிரி இக்கட்டுக்கு நம்மவர்களிடம் பரஸ்தானம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. முந்தின நாள் நல்ல வேளை பார்த்துப் பெட்டியை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எந்த எமகண்டத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. அனந்தராமன் தன் இரண்டு பெட்டிகளையும் கீழ்வீட்டு பாலாம்பாளிடம் வைத்தார். அதற்கு முன் தெருமுனையில் பழைய பேப்பரும் இரும்பும் வாங்கும் இஸ்மாயிலின் மேடைத் தராசில் நிறுத்தபோது ஒவ்வொன்றும் நாற்பது கிலோவைத் தாண்டியிருந்தது. அனுமதி முப்பத்திரண்டுதான். குக்கரை எடுப்பதா மிளகாய்ப்பொடியை எடுப்பதா என்று அவர் மனைவி சாவித்ரி முடிவு செய்வதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. பம்பாய் விமான நிலையத்தில் தராசு முப்பத்திரண்டு என்றது. இரண்டாவது பெட்டிக்கும் அதையே சொன்னது. குக்கர் பத்திரமாக ஒஹையோ போய்ச் சேர்ந்தது.

முதல் வருஷம் பெட்டியோடு வந்தவர்கள் பஞ்சாங்கத்தைக் காட்டிவிட்டு வைத்தார்கள். பிறகு அந்த மரியாதையும் போயிற்று. அட்சய திருதியைக்குக் கிளம்புகிறவன்கூட முந்தின நாள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். விமான நிலையத் தரையில் பெட்டியைப் பப்பரப்பா என்று திறந்துபோட்டு, ஊறுகாயை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்து, மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வேர்க்கும் அவமானம் மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் என்று விஷ்ராந்த்வாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது. ஒருவர் வெட் கிரைண்டரைக் கல்லோடு வைத்து அனுப்பினார். பாலாம்பாள் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ரவிக்கைத் துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்து, "உங்காத்து ராசி மாமி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்பவே பிடித்திருந்தது.

குறைந்த கிலோக்கள் எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. அடையாளங்கள் இல்லாமல் இல்லை. பாலாம்பாள் ஒல்லி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இருந்தும் 1997இல் ஆளந்தி ரோடு சிக்னலில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆட்டோவின் முன்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர் அவளை நடுவில் வந்து நிற்கச் சொன்னார். சமையலறைத் தரையில் அவள் நிற்கும் இடத்தில் ஓடுகள் விரலளவு தாழ்ந்தன. டாக்டர் ரத்தம் பார்த்து எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார். கிர்க்கி தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்த அவள் கணவர் சங்கரன் ஓடுகளை மாற்றினார், கட்டிலுக்கு இரும்புக் கால் வைத்தார், எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவர் சுபாவம்.

2002 தீபாவளிக்கு முன்னால் பழைய பேப்பர் போடப் போன பாலாம்பாள் விளையாட்டாக இஸ்மாயிலின் தராசில் ஏறினாள். ஐந்நூறு கிலோ தாங்கும் தராசு. முள் கடைசிவரை ஓடிப்போய் வளைந்து நின்றது.

"காண்டா கராப் ஆயிடுத்தா இஸ்மாயில், முள்ளு கெட்டுப்போச்சா?" என்று சிரித்தாள்.

ஆம்பூரிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகப் பூனாவில் இருக்கும் இஸ்மாயில் சிரிக்கவில்லை. "இல்ல மாமி. போன வாரம்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க. மெதுவா இறங்குங்க."

அன்றே வீட்டுக்கதவை அடைத்தாள். இனிப் பெட்டி எடுப்பதில்லை என்று சொல்லியனுப்பினாள். மாமிக்குத் திமிர் வந்துவிட்டது என்று நாலு பேர் பேசினார்கள். அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. 2003 ஜனவரியில் அவளுடைய ஒரே மகள் வைஜயந்தி நியூஜெர்சியிலிருந்து போன் செய்தாள். ஐந்து மாதம். முந்தின கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்தபோது பக்கத்தில் ஒரு மனுஷி இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து தானே டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தவள் அவள். "அம்மா, இந்தத் தடவை நீ வரலேன்னா எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். பாலாம்பாள் வருகிறேன் என்றாள். விசாவும் கிடைத்தது. டிக்கெட் ஏஜென்ட் விதிகளை வாசித்துக் காட்டினார்: பெட்டிக்குத்தான் வரம்பு, பிரயாணிக்கு வரம்பு இல்லை. ஆனால் பாலாம்பாள் தூக்கத்தில் விமானங்கள் விழுவதைக் கண்டாள். ஒவ்வொன்றிலும் அவள் பெட்டி வைத்து அனுப்பிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வழி ஒன்றுதான் இருந்தது. பெட்டிக்குப் பதில் தன்னையே ஒருவர் வீட்டில் பரஸ்தானம் வைப்பது. பாரம் அந்த வீட்டில் அடுப்பு ஏற்றுகிறவர்மேல் இறங்கும் என்பது தராசு முள் வளைந்த கதையோடு அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. சங்கரன் ஆயுளில் அடுப்பு ஏற்றியதில்லை, ஆகவே அவர் எடையில் ஒரு கிராம் கூடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வீடு வீடாகப் போனார்கள். மூன்று பிள்ளைகளையும் பாலாம்பாள் கூடத்தின் வழியாக அமெரிக்கா அனுப்பிய அனந்தராமன் வீட்டில் அந்த வாரம் பெயிண்ட் அடிப்பதாக இருந்தது. சாவித்ரிக்கு முட்டிவலி. இன்னொரு வீட்டில், மனுஷாளைப் பரஸ்தானம் வைக்க சாஸ்திரத்தில் இடமில்லை என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள். வெட் கிரைண்டர்காரர் கதவையே திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடியது. இத்தனை பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மறுவாரம் சங்கரன் கோந்த்வாவில் இஸ்மாயிலுக்குச் சொந்தமான கட்டடத்தில் தரைத்தள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஸ்டவ், பால், ஒரு நாற்காலி. அடுப்பு தனியாக இருந்தால் அது தனி வீடு. சாஸ்திரம் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

"தனிக்குடித்தனமா? இந்த வயசுலயா? வேண்டாம்ன்னா. உங்களால தாங்க முடியாது" என்று பாலாம்பாள் அழுதாள்.

"நீ ஒன்பது வருஷம் தாங்கலியா?" என்றார் சங்கரன். "இத்தனை நாளும் நான் ஓடு மாத்திண்டு சும்மா இருந்தேன். போ. போய் அவ பக்கத்துல இரு."

கைவிரலைச் சுட்டுக்கொண்டு அவரே பால் காய்ச்சினார். இஸ்மாயில் தன் டெம்போவில் பாலாம்பாளைக் கொண்டுவந்து இறக்கினார்; ஹடப்சர் தாண்டியதும் ஒரு டயர் வெடித்தது. அன்றிரவு சுவரோரமாகப் பாய் போட்டுப் படுத்தாள். காலையில் எழுந்தபோது உடம்பு கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி இருந்தது. நாற்காலியின் நாலு காலும் தரைக்குள் இறங்கியிருந்தன. "டாக்ஸி வந்தாச்சு பார்" என்று மட்டும் சொன்னார் சங்கரன். எழுந்து வாசல்வரை வரவில்லை.

அந்த அமளியில் அவளுடைய பெட்டிகளைப் பரஸ்தானம் வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். பருப்புப்பொடியும் பிரசவ லேகியமும் எட்டு கிலோ அதிகம். பேரம் பேசாமல் முழுப்பணத்தையும் கட்டினாள். விஷ்ராந்த்வாடியிலிருந்து போனவர்களில் அதுவரை கட்டியது அவள் ஒருத்திதான்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது, குறையொன்றும் இல்லை. ஞாயிறுதோறும் பாலாம்பாள் போனில் எப்படி இருக்கேள் என்று கேட்பாள், இருக்கேன் என்பார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து அறைக்கதவைத் திறந்தபோது சங்கரன் இடுப்புவரை தரைக்குள் இருந்தார். ஓடு, மண், அப்புறம் கருங்கல். அங்கேதான் வேகம் குறைந்தது என்று இஸ்மாயில் விளக்கினார். காய்கறி வாங்கிக் கொடுக்க அவரை விட்ட சங்கரன், அடுப்பை மட்டும் ஒருவரையும் தொட விடவில்லை. ஸ்டவ் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் இருந்தது.

"அதத் தொடாதே" என்றார் பாலாம்பாளிடமும்.

அவர் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள், முதுகு தேய்த்துவிட்டாள், பேத்தியின் போட்டோக்களைக் கையில் கொடுத்தாள். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீக்குச்சியைக் கிழித்தாள். ரசம் நுரைகட்டி வருவதற்குள் அவள் காலடியில் ஓடு விரிசல் விட்டது. சங்கரன் இரண்டு கையையும் ஊன்றி வெளியே ஏறினார். திட்டினார், அப்புறம் அவள் குழியில் இறங்க இடம்விட்டார். ஒரு குழியே போதுமானதாக இருந்தது.

அன்று முதல் ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவள். அடுப்பு ஏற்றாதவர் மண்டிக்கும் கோயிலுக்கும் போய்வந்தார். மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டடங்களில் விரிசல் விட்டது; இஸ்மாயிலின் கட்டடம் அசையவில்லை. குழி வருஷத்துக்குக் கொஞ்சமாக ஆழமானது. யாரும் அதை அளந்து பார்க்கவில்லை.

2006இல் கம்பெனிகள் முப்பத்திரண்டை இருபத்துமூன்றாகக் குறைத்தன. அதே வருஷம் வைஜயந்தி மறுபடி உண்டானாள். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாராம். யாராவது ஒருவர் ஆறு மாதம் அடுப்பைத் தனியாக ஏற்றியாக வேண்டும். "இந்தத் தடவை அப்பா வருவார்" என்று பாலாம்பாள் போனில் சொன்னாள். பிரசவத்துக்கு அப்பனா என்று விஷ்ராந்த்வாடி முழுக்கச் சிரித்தார்கள். சங்கரன் ஒரு மாதம் லேகியம் கிளறக் கற்றுக்கொண்டார், இரண்டு தரம் அடிப்பிடித்தது. அவர் கிளம்பிய காலை பாலாம்பாள் தானே அடுப்பை ஏற்றி இட்லி வார்த்துக் கொடுத்தாள். டாக்ஸி ஹாரன் அடித்தபோது அவள் மார்புவரை தரைக்குள் இருந்தாள். பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலை இன்னொரு பிளாஸ்டிக் பையில் சுற்றச் சொன்னாள்.