எதிர் மேசைப் பேச்சு

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் தெருமுனையில் இருக்கும் பிஸ்ட்ரோ என்கிற சின்ன உணவகத்துக்குள் நுழைந்தால் யாருக்கும் காது கேட்காது. தாழ்ந்த கூரை, சுற்றிலும் ஓடு பதித்த சுவர், நெருக்கியடித்துப் போட்ட பதினான்கு மேசை. காபி இயந்திரம் சீறும், தட்டுகள் மோதும், அதை மீறிப் பேசுவதற்காக ஒவ்வொரு மேசையும் கத்தும், அடுத்த மேசை அதைவிடக் கத்தும். அந்த நேரச் சாப்பாட்டுக்கு பிரஞ்ச் என்று பேர். காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை, இரண்டும் கெட்டான் வேளை. அந்த வேளைக்கு வரிசையில் நின்று இடம் பிடிக்கிறார்கள் என்றால் ஆம்லெட் அப்படி.

அந்தக் கூச்சலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் என் மனைவி. முப்பத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, ஒன்பதே நாளில் அவள் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. இப்போது நாற்பத்தைந்து. அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் ஆறு நாளும் கிணறு மாதிரி ஓட்டைக்குள் தொங்கிக்கொண்டு கம்பியோடு பேசுகிறவன். ஞாயிறு வந்தால் மனுஷர் பேச்சு கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே எனக்கு ஒன்றும் கேட்காது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

அதனால் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. நான் ஒரு மேசையைக் கண்ணால் காட்டுவேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டுக்கு அடியில் விரித்திருக்கும் காகிதத்தில் பென்சிலால் எழுதுவாள். "வாடகை வீடு பிடிக்கலையாம்." "அவன் அம்மா செஞ்ச கேக்தான் நல்லா இருக்கும்கிறான். அவ முகத்தைப் பாருங்க." இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அழுகிறவர்களைப் படிக்கமாட்டாள். எழுதிய காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டாள். கிழித்துக் காபிக் கோப்பையில் போட்டுவிடுவாள்.

தப்பும் வரும். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். பணமா மணமா, படமா மடமா என்று உதடு சொல்லாது. க வந்தால் இன்னும் மோசம், தொண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஒரு தடவை பக்கத்து மேசை ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கச் சிரித்தது. "அவங்க வீட்டுக்கு மாமா வரப் போகுதாம்" என்று எழுதினாள்.

நான் பென்சிலை வாங்கி, "மாமாவை யாராவது வரப் போகுதும்பாங்களா, பிழை திருத்தறவளே? அது பாப்பா" என்று எழுதினேன். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஸ்கார்ஃப்காரம்மாவை நான்தான் முதலில் காட்டினேன். சன்னல் பக்கம் இரண்டு பேர் மேசை. தனியாக வருவார். நாற்பது வயது இருக்கும். எப்போதும் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சை ஸ்கார்ஃப். வந்ததும் நாலு விரலைக் காட்டுவார், உணவு அட்டையில் நாலாம் நம்பர், சாதா ஆம்லெட். சாப்பிட்டு முடித்ததும் எதிர் நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். அந்த நாற்காலியில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"போன்ல பேசறாங்களோ" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

மனைவி அவர் காதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இல்லை. பிறகு எழுதினாள்: "பயப்படாதே. யாரும் இல்லை. மெதுவா விடு. மெதுவா. இன்னும் கொஞ்சம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆவியோடு பேசுகிறவர் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம், "கண்ணாடியைப் பாரு. பாத்தியா? சரி, இப்பத் திரும்பு." முடி வெட்டக் கற்றுத் தருகிறவர் என்றேன். அதற்கு அடுத்த வாரம், "என்ன அவசரம்? அவங்க போகட்டும். நாம அப்புறம் போவோம்." அதோடு என் கற்பனை தீர்ந்துபோனது. வார நாட்களில்கூட நாங்கள் சோறு போட்டுக்கொண்டே அதைத்தான் பேசினோம். ஏழாவது வாரம் என் மனைவி தன் வழக்கமான இடத்தை விட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து சன்னல் நேராகத் தெரியும்.

அன்றைக்கு உணவு அட்டையைப் புதிதாக அச்சடித்திருந்தார்கள். வரிசை மாறியிருந்தது. சாதா ஆம்லெட் ஆறாம் நம்பருக்குப் போய், நாலாம் நம்பரில் காளான் ஆம்லெட் வந்திருந்தது. அச்சடித்த எதைக் கண்டாலும் பிழை தேடுகிற பழக்கத்தில் என் மனைவி அதை வரி விடாமல் படித்திருந்தாள். ஸ்கார்ஃப்காரம்மா அட்டையைத் திறக்கவே இல்லை. வழக்கம்போல நாலு விரல்.

தட்டு வந்தது. அவர் முள்கரண்டியால் ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பரிமாறுகிற மீசைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மீசைக்காரர் குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி கேட்டார். மீசைக்காரர், புரியாதபோது நாம் எல்லோரும் செய்வதுபோல, சிரித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினார். 'ஒண்ணும் இல்லைங்க, சாப்பிடுங்க' என்கிற மாதிரி. அவர் நிம்மதியாகிக் கரண்டியை எடுத்தார்.

என் மனைவி எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"சாப்பிடாதீங்க. அதுல காளான் இருக்கு."

தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. பதினான்கு மேசையும் கப்பென்று அடங்கியது. காபி இயந்திரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. "காளான் அவங்களுக்கு ஆகாதாம். இருக்கான்னுதான் கேட்டாங்க, நீங்க இல்லைன்னு தலையாட்டறீங்க" என்று மீசைக்காரரிடம் சொன்னாள்.

மீசைக்காரர் வெளிறிப்போய்த் தட்டை எடுத்துக்கொண்டார். ஸ்கார்ஃப்காரம்மா அவரைப் பார்க்கவில்லை. என் மனைவியைத்தான் பார்த்தார். முதலில் ஆச்சரியம், பிறகு மெல்ல மெல்ல வேறு ஏதோ. உதடு அசைந்தது. அறையே அமைதியாக இருந்தும் எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் குரலே இல்லை.

"ஏழு வாரமா" என்று என் மனைவி பதில் சொன்னாள். என்ன கேள்வி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கார்ஃப்காரம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் என் மனைவி சாப்பிடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "ஒட்டுக் கேக்கறது காது இருக்கறவங்க பண்ற தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"நீ சொல்லலேன்னா அவங்க சாப்பிட்டிருப்பாங்கம்மா."

"அது ஒரு நாள். மத்த ஆறு நாள்?"

விளையாட்டை ஆரம்பித்ததே நான்.

அடுத்த ஞாயிறு சன்னல் மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். காகிதம் வெறுமையாக இருந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறு, நாங்கள் காபிக்குக் காத்திருந்தபோது, பச்சை ஸ்கார்ஃப் எங்கள் மேசைக்கே வந்தது. பக்கத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். உதட்டை அசைத்தார்.

"என்னைப் படிங்கங்கறாங்க" என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பி. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முகம்.

முதலில் சோதித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது. அவள் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். "மழை. வாசல். எனக்குக் கோபம்தான். ஆனா ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சேன்." நிறுத்தினாள். அந்தம்மா விரலை ஆட்டி மேலே போகச் சொன்னார். "ஆப்பரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஒரு வருஷத்துல நான் பேசினது ஒருத்தருக்குப் புரிஞ்சது அன்னைக்கு ஒரு நாள்தான்."

என் மனைவி மேசைக்கு மேலாகக் கையை நீட்டினாள். அந்தம்மா பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் தட்டிவிடவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பக்கம்தான் கிடைத்தது. என் மனைவியின் கேள்விகள் கேட்கும், அந்தம்மாவின் பதில்கள் கேட்காது. மனைவி அவ்வப்போது எனக்கு எடுத்துச் சொன்னாள். அவர் பதினாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். தொண்டையில் கட்டி. உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. இப்போது அதே பயிற்சிப் பள்ளியில் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்கிறார்கள். எங்கே போனாலும் ஆட்கள் 'என்ன, என்ன' என்று முகத்தைச் சுளிக்கிறார்களாம். இந்த பிஸ்ட்ரோவில் மட்டும் எல்லோரும் எல்லோரையும் 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டிருப்பதால், தான் மட்டும் தனியாகத் தெரிவதில்லையாம்.

"அந்த நாற்காலியில யாரு?" என்று கேட்டேன். ஏழு வாரமாக என்னை அரித்த கேள்வி.

"முதல் நாள் பாடத்துக்கு வர்றவங்க. யாருன்னு இல்ல. பாடம் மறந்துடக் கூடாதேன்னு முழுசாச் சொல்லிப் பாப்பாங்களாம். கிளட்சுல ஆரம்பிச்சு."

கிளட்ச். அதைத்தான் உதட்டில் பிடிக்க முடியாமல் 'மெதுவா விடு' மட்டும் எங்களுக்கு வந்திருக்கிறது.

என் மனைவி கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு அவரிடம் கேட்டாள், "நிஜமாவே ஒருத்தர் உட்கார்ந்தா சொல்லித் தருவீங்களா? எனக்கு?"

நான் விழித்தேன். "உனக்கு எப்போலேர்ந்து இந்த ஆசை?"

"பத்து வருஷம் முன்னாடி கேட்டேன். ஹாரன் கேக்காம எப்படி ஓட்டுவேன்னீங்க. நீங்க மறந்துட்டீங்க."

மறந்துதான் போயிருந்தேன். அந்தம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மனைவி அதை மொழிபெயர்க்கும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "காது கேக்காதவங்க ரெண்டு பேரை ஏற்கெனவே ஓட்ட வச்சிருக்காங்களாம். காது நல்லாக் கேட்டு, பொண்டாட்டி சொல்றது மட்டும் கேக்காத ஆம்பளைங்களை நிறைய ஓட்ட வச்சிருக்காங்களாம்."

அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போனோம். பயிற்சிக் கார், இரண்டு பக்கமும் பிரேக். நான் பின்சீட்டில். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை இஞ்சின் நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல், என் மனைவிக்குப் பாடம் வேண்டுமென்றால் உதட்டைப் பார்க்க வேண்டும், உதட்டைப் பார்த்தால் பாதை தெரியாது. ஒரு தடவை அவள் திரும்பிப் பார்க்க, கார் நேராகச் சுவரை நோக்கிப் போனது. அந்தம்மா பிரேக்கை மிதித்து, அவள் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார்.

பிறகு இரண்டு பேரும் காரை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோளில் ஒரு தட்டு, வேகம் குறை. இரண்டு தட்டு, நிறுத்து. முழங்கையில் அழுத்தினால் கிளட்ச். உள்ளங்கையை முதுகில் வைத்தால், சரியாகப் போகிறாய், அப்படியே போ. பதினாறு வருஷமாக வாயால் சொன்ன பாடத்தை அந்தம்மா கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தப்பான இடத்தில் தட்டிவிட்டுத் தானே தலையில் அடித்துக்கொண்டார். நான்காவது ஞாயிறு இருவருக்கும் பழகிவிட்டது. மைதானத்தை இரண்டாவது கியரில் மூன்று சுற்றுச் சுற்றினாள். முதுகில் வைத்த கை கடைசிவரை விலகவில்லை.

மைதானத்துக் கேட் பக்கமாகக் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் திரும்பிக்கொண்டார்கள். பின்னாலிருந்து எனக்கு என் மனைவி குரல் மட்டும். "ஆமா… இல்லை, அப்ப பயம் இல்லை… அவருக்கு எதுக்குச் சொல்லணும்… சிரிக்காதீங்க."

"என்னவாம்?" என்றேன். அவள் திரும்பவில்லை என்பதால் தோளைத் தொட்டேன்.

"நீங்க இறங்கி அந்தக் கேட்டைத் திறங்க" என்றாள். "வெளி ரோட்டுக்குப் போகலாம்கிறாங்க."

நான் இறங்கித் திறந்தேன்.