சென்னை நிலையம் எந்தப் பக்கம்

ரேடியோ பேட்டரியை மாற்றிய விஷயத்தைச் செல்லக்கனி இன்னும் புருஷனிடம் சொல்லவில்லை. தோணி உடைந்து, அதில் வேலை பார்த்த சின்னப்பையனைப் பழவேற்காட்டுக் கரையில் புதைத்துவிட்டு, தவசிமுத்து ராயபுரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் சொல்லவில்லை.

வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு.

"ஒரு பேட்டரி வாங்கத் துப்பில்லாம ஒருத்தனக் கொன்னுட்டேன், கனி."

சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பான். கை வாய்க்குப் போகாது. அவள் பக்கத்தில் இருந்து மோர் ஊற்றுவாள். சொல்ல வாயெடுத்துவிட்டு, ஊறுகாயை அவன் பக்கம் நகர்த்துவாள்.

அந்த ரேடியோ அவள் அப்பா தூத்துக்குடியில் கொடுத்த கல்யாணச் சீர். கைப்பிடி வைத்த பெட்டி. கரண்டு வேண்டாம், பேட்டரி போதும். ஒருநாள் வீட்டைக் கூட்டும்போது அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். பாடிக்கொண்டிருந்த குரல் அப்படியே அமுங்கிப்போயிற்று. இன்னும் திருப்பினாள், திரும்பி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தவசிமுத்து எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டான். பெட்டியின் முகம் நிலையத்தை நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் சத்தம் அடங்குகிறது என்று இரண்டொரு நாளில் கண்டுபிடித்தான்.

"உன்னய மாதிரிதான். நேருக்கு நேர் பாத்தா பேச்சே வராது," என்று கேலி செய்தான். கல்யாணமான புதிது. அவள் முகம் சிவந்து அடுக்களைக்குள் ஓடிப்போனாள்.

அதற்கப்புறம் பெட்டியும் தோணியில் ஏறியது. தவசிமுத்துதான் அந்தத் தோணிக்குத் தண்டல். பாய் விரிப்பதிலிருந்து நங்கூரம் போடுவதுவரை அவன் வைத்ததுதான் சட்டம். காம்பஸ் வடக்கைக் காட்டும். தோணி எங்கே நிற்கிறது என்று காட்டாது. மப்பும் மழையுமாக, கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியாத நாளில், மெட்ராஸ் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று ரேடியோ சொல்லிவிடும். ஆனால் முதுகைக் காட்டினாலும் பெட்டி அதே மாதிரிதான் அடங்கும். ஊர் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைக் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகத் தூத்துக்குடி நடைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "பாட்டுக் கேட்டுக் கேட்டே பேட்டரிய உறிஞ்சிட்டேட்டி. போகட்டும், இந்த நடைக்குத் தாக்குப்பிடிக்கும்," என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சரக்கு ஏற்றப் போனதும் பெட்டியை எடுத்துக்கொண்டு பிராட்வேக்குப் போனாள். கடைக்காரர் புது பேட்டரியைப் போட்டுப் பின்பலகையைத் திருகிக் கொடுத்தார். நடை முடிந்து வந்து, 'என்ன கனி, இன்னும் கணீர்னு பாடுதே' என்று அவன் ஆச்சரியப்படும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

கருப்பட்டி ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து திரும்புகையில் இரண்டு நாள் விடாத மழை. பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். அதற்குள் நீரோட்டம் தோணியை மெட்ராஸைத் தாண்டி வடக்கே இழுத்துவிட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. மழை விட்டும் மப்பு விலகவில்லை, கரை தெரியவில்லை. பெட்டியைத் திறந்து கோடு பார்த்து, இன்னும் வடக்கே செலுத்தினார்கள். போகப் போகக் குரல் சன்னமானது. சுக்கான் பிடித்திருந்த சின்னப்பையன், "அண்ணே, மெட்ராஸு பின்னால பூட்ச்சு," என்றானாம். "போடா, பேட்டரிய உங்க அண்ணி தீத்துட்டா," என்று தவசிமுத்து சிரித்தானாம். பழவேற்காட்டு மணல்திட்டில் மோதித் தோணி பிளந்தது. சின்னப்பையனைத் தவிர மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள்.

இதையெல்லாம் அவனே சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கேட்ட அன்றிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

சின்னப்பையனின் அம்மா கன்னியம்மா வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாங்கம்மா," என்றாள் செல்லக்கனி.

"வேணாம் கண்ணு. ஒரு வார்த்த கேட்டுகினு பூட்றேன்." கன்னியம்மா தவசிமுத்துவைப் பார்த்தாள். "காசிமேட்ல பேசிகினு கீறானுங்க நைனா. சுக்கானப் புட்ச்சினு எம்புள்ள தூங்கிட்டானாம். மெய்யா?"

"இல்லம்மா. அவன் முழிச்சுத்தான் இருந்தான்."

"பின்னால கீது மெட்ராஸுன்னு அவன் சொன்னானாமே. உங்கூட தோணில வந்த வேலு சொன்னான். அதுனாச்சும் சரியா?"

தவசிமுத்து தரையைப் பார்த்தான். "சொன்னான். சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னான்னு நெனச்சேன். பேட்டரி செத்துப்போச்சும்மா. அதுல யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்க முடியாது. பழி எம்மேலதான்."

"அப்ப அவனுக்கும் தெரியாதுன்றே."

"ஆமா."

கன்னியம்மா தலையை ஆட்டினாள். "சின்னதுலேர்ந்து எல்லாரும் அவன மக்குன்னுதான் சொல்வாங்க. கடைசிலயாவது ஒன்னு கரெக்டா சொன்னானான்னு கேக்க வந்தேன்." முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"பேட்டரி புதுசு," என்றாள் செல்லக்கனி.

தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம். தவசிமுத்து நிமிர்ந்தான்.

"நீங்க சரக்கு ஏத்தப் போனப்ப மாத்தி வச்சேன் அத்தான். வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். குரல் கொறைஞ்சது பேட்டரியால இல்ல."

துறைமுகப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று நகர்ந்தது.

"அப்ப எம்புள்ள சொன்னதுதான் சரி," என்றாள் கன்னியம்மா. அழவில்லை. அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா, வேறு எதாவதா என்று செல்லக்கனியால் பார்க்க முடியவில்லை. "சரியாதான் சொல்லிகிறான்," என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

தவசிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே தோணியத் திருப்பியிருப்பேன், கனி."

"தெரியும்."

"அவன் சொன்னதக் கேட்டிருந்தாலும் திருப்பியிருப்பேன்."

அவன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"அந்தம்மா தனியாப் போகுது. கூடப் போய் வீட்டுல விட்டுட்டு வா," என்றான்.

செல்லக்கனி அப்படியே இறங்கினாள். நாலடி போவதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுமா என்று ஒரு கணம் நின்றாள். விழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னியம்மாவை எட்டிப்பிடிக்க வேகமாக நடந்தாள்.