மூன்று குண்டூசி நேரம்

தையற்கடையில் ஜன்னலோரம், வெட்டு மேசைக்கும் கடைசி இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு ஸ்டூல் போடுகிற அளவு இடத்தில் சத்தம் கிடையாது. அங்கே நின்று கத்தினால் கத்தியவருக்கே கேட்காது. கத்தரிக்கோல் விழுந்தால் விழுந்தது கண்ணுக்குத்தான் தெரியும். ஓர் எட்டு இந்தப் பக்கம் வந்தால் எல்லாம் பழையபடி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நூல் எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று காட்டும்போது இதையும் காட்டிவிடுவார்கள்.

அங்கே பள்ளிச் சீருடைகளும் ஆஸ்பத்திரி அங்கிகளும் தைப்பார்கள். பேசவிட்டால் பெண்கள் சட்டைப்பையை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிடுகிறார்கள் என்று, மத்தியானங்களில் கதை வாசித்துக் காட்ட முதலாளி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பூட்டு ரிப்பேர்க்காரரின் மகள். வாசிப்புக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்போதெல்லாம் அந்த இடத்திலும் சத்தம் கேட்கும்; அங்கே ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, படிப்பகத்திலிருந்து கொண்டுவந்த பழைய காலத்துத் தடித்தடி நாவல்களை வாசிப்பாள். எல்லா நாவலிலும் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருக்கும். ஊர் அவளைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வருஷத்து நாவலில், பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போகவிருந்த ஏழை ஆசிரியை ஒருத்தியைப் பற்றிப் பக்கத்து வீட்டுச் சீமாட்டி விருந்தில் ஒரு பொய் சொன்னாள், நிச்சயம் முறிந்தது. கடையே கொதித்தது. "அவ நாக்குல சூடு வைக்கணும்டி" என்றாள் மூத்த தையற்காரி. எல்லோருக்கும் அவள் அக்கா. அன்று அவள் அழுததில் கையிலிருந்த ஆஸ்பத்திரி அங்கியின் காலர் நனைந்து, அதைத் திரும்பத் தேய்க்கவேண்டி வந்தது.

வாசிப்புக்காரிக்கும் அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மகன், அவனே விரும்பிக் கேட்டது. அவளுக்கும் அவன் மேல் உயிர். அவள் வாசிக்க வரும்போது சட்டை முழங்கையில் மாவு ஒட்டியிருக்கும். ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதோடு சரி. இரண்டு வீட்டிலும் சம்மதம் ஆகிவிட்டது. பாக்கி, பையனின் அத்தை ஒருத்திதான். அவள் ஒரு காலை நேரம் பட்டன் வைக்கிற சாக்கில் தையற்கடைக்கு வந்து, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணை உங்களுக்குச் சின்னதுலேர்ந்தே தெரியுமாமே. எப்படிம்மா, ஆளு?"

அக்காவின் உதட்டிடுக்கில் அப்போது மூன்று குண்டூசிகள் இருந்தன. வழக்கமாக யாராவது கூப்பிட்டால் மொத்தத்தையும் உள்ளங்கையில் துப்பிவிட்டுப் பேசுகிறவள். அன்று ஒன்றை எடுத்தாள், ஊசிமெத்தையில் குத்தினாள். இரண்டாவதை எடுத்தாள், குத்தினாள். முந்தின வாரம்தான் வாசிப்புக்காரி, அக்கா தைத்துத் தந்த சட்டையைப் போட்டுப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "அக்கா, ஒரு கை ரொட்டிக்கடைக்குப் போகுது, இன்னொரு கை நான் வரமாட்டேங்குது" என்று சொல்லியிருந்தாள். முதலாளிகூடச் சிரித்திருந்தார். அக்கா மூன்றாவது ஊசியையும் எடுத்துக் குத்திவிட்டு, "நல்ல பொண்ணுதாங்க. தங்கமான பொண்ணு" என்றாள்.

"நீங்க யோசிச்சதே போதும்மா" என்று அத்தை எழுந்துவிட்டாள். பட்டனை மறந்துவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, யோசித்தாளாமே, யோசித்தாளாமே என்றாகிவிட்டது. எதை யோசித்தாள் என்பதை அவரவர் நிரப்பிக்கொண்டார்கள். ஒருவர் அதில் இன்னோர் ஆணை வைத்தார், ஒருவர் ஒரு வியாதியை வைத்தார், ஒரு கிழவர் காணாமல்போன தன் சைக்கிளையே வைத்தார். ரொட்டிக்கடைக்காரர் மகன் சில நாள் முறைத்துக்கொண்டு ரொட்டியைக் கருக்கினான். பிறகு அத்தை காட்டிய இடத்தில் கட்டிக்கொண்டு, சுகமாகப் பருத்தான். நாவலில் கெடுத்தவள் வேலை மெனக்கெட்டு ஒரு பொய் சொல்லவேண்டியிருந்தது. அக்காவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

கல்யாணப் பேச்சு முறிந்த மறுநாளும் வாசிப்புக்காரி வந்தாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அழுது தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுபோனாள். அவள் கேட்ட "குடிக்கிறியா?" என்பதும் கேட்கவில்லை. அக்கா எடுத்துக்கொண்ட மூன்று குண்டூசி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசிப்புக்காரி ஸ்டூலையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். பிறகு படிப்பகத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. நாவலின் முடிவு என்ன என்று அங்கே போய்க் கேட்க ஒருத்திக்கும் முகம் இல்லை.

வருஷங்கள் போயின. ரேடியோ மெக்கானிக் வந்து பார்த்து, பூமியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தைக்காரிகள் தூளியை அங்கே கட்டினார்கள். கடைக்கு எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை வந்தால் அங்கே வந்து நின்று போட்டுவிட்டு, கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு போவார்கள். அக்கா மட்டும் அதற்குப் பிறகு வாயில் ஊசி வைக்கவில்லை. யாரைப் பற்றி யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "நல்லவங்க, ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லி ஒரு குடிகாரனுக்கும் இரண்டு முரடர்களுக்கும் பெண் கிடைத்தது. அந்தப் பாவமும் அவள் தலையில் சேர்ந்தது. தினமும் கடை அடைக்கும் முன் அந்த இடத்தில் போய் நின்று, கைக்காகத்தான் அப்படிச் செய்தேன், ஒரு கோணல் கைக்காகத்தான் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுவாள். யாருக்கும் கேட்காது என்பதால்தான் அங்கே சொன்னாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

தலை நரைத்த பிறகு வாசிப்புக்காரி ஒருநாள் கடைக்கு வந்தாள், பழைய சட்டை ஒன்றோடு. அதே சட்டை. போட்டுக்கொண்டு நேராக ஜன்னலோரம் போய் நின்றாள். அளவெடுக்க அக்காவும் அங்கே போகவேண்டியதாயிற்று. டேப்பைத் தோளில் வைத்தபடியே அக்கா தினமும் சொல்கிறதை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இயந்திரங்கள் நின்றுவிட்டன. வாசிப்புக்காரி அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வரி தவறாமல் படிக்கிறவளைப் போல. அக்கா முடித்ததும் வாசிப்புக்காரி ஓர் எட்டு இந்தப் பக்கம் வந்தாள், பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

"கை கோணலாத்தான்க்கா இருந்துச்சு" என்றாள் வாசிப்புக்காரி.

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவள், மறுநாள் மத்தியானம் அந்தப் பழைய நாவலோடு வந்தாள். அதே ஸ்டூலை அதே இடத்தில் போட்டு, கடைசி அத்தியாயத்தைத் திறந்து வாசித்தாள். ஸ்டூலை நகர்த்திப் போடேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டு, பக்கம் பக்கமாக அவள் உதடு அசைவதைக் கேட்டார்கள். இப்போதும் மத்தியானங்களில் வந்து அதே அத்தியாயத்தைத்தான் வாசிக்கிறாள். அந்த ஆசிரியைப் பெண்ணுக்குக் கடைசியில் கல்யாணம் ஆனது என்று ஒருத்தி சொல்கிறாள். வேண்டாம் என்று உதறிவிட்டுக் கப்பலேறினாள் என்று இன்னொருத்தி. சீமாட்டி வந்து காலில் விழுந்தாள் என்று குழந்தைக்காரிகள். அக்காவைக் கேட்டால் அவசரமாக ஒன்றும் சொல்வதில்லை. கோணல் கையைப் பிரித்துத் தைப்பாள், பார்ப்பாள், மறுபடி பிரிப்பாள். அந்தக் கை இன்னும் நேராக உட்காரவில்லை.