நகா மலைக்கு டின் பால்

பன்னிரண்டு பேர் மட்டும் ஏறும் அந்தச் சின்னக் கப்பல் யாங்கோனிலிருந்து புறப்பட்டு, எரிமலைத் தீவுகளையும் அங்குள்ள பறவைகளையும் ஆமைகளையும் காட்டிவிட்டு எட்டு நாளில் திரும்பும். அதில் சமையல் நீலாம்பாள். ஐந்து நடை போய்வந்தும் எந்தத் தீவிலும் அவள் கால் வைத்ததில்லை. அடுப்பை விட்டு அவளை யார் விடுவார்கள்?

ஆறாவது நடையில் அடுத்த தீவில் என்ன இருக்கிறது என்று வழிகாட்டி சிவராஜைக் கேட்டாள். பர்மிய மொழியிலேயே படித்து, தமிழை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை அவன். சேறு கொதிக்கும் எரிமலைக்குத் தமிழில் என்ன சொல் என்று தெரியாமல், பர்மியர் சொல்கிறபடியே சொல்லிவைத்தான்.

“அது நகா மலை, அக்கா. உள்ள நகா மூச்சு விடும்.”

நகா என்றால் நாகம். நீலாம்பாளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மடியில் பிள்ளை இல்லை. நாகதோஷம் என்று சொல்லாத ஆள் அவள் குடியிருக்கும் தின்கன்ஜூன் பேட்டையில் பாக்கியில்லை. புற்றைத் தேடி அலைந்தவளுக்குக் கடல் நடுவே ஒரு மலையே புற்றாக நின்றால் விடுவாளா?

கப்பலில் பசும்பாலுக்கு எங்கே போவது? டின் பாலை வெந்நீரில் கரைத்து, சாமிப் படத்துக்கு வைத்திருந்த சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கரை இறங்கினாள். பயணிகள் ஆலா என்ற கடற்பறவைக் கூட்டத்தைப் பார்த்துக் கேமராவும் கையுமாக நிற்க, அவள் மட்டும் மேலே ஏறினாள். கொப்பளிக்கும் சேற்றில் பாலை ஊற்றினாள்.

“ஒண்ணே ஒண்ணு குடு, நாகராஜா. பொண்ணானாலும் சரி” என்று வாய்விட்டே கேட்டு, சூடத்தைப் பற்றவைத்தாள்.

பக்கென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. ஆலாக்கள் மொத்தமும் அலறிக் கிளம்பின. பின்னாலேயே ஓடிவந்த சிவராஜ் இழுத்துப் போட்டிராவிட்டால் புருவம் பொசுங்கியதோடு போயிருக்காது. அவளுக்கோ ஒரே சந்தோஷம். நாகராஜா பதில் சொல்லிவிட்டார் அல்லவா?

மூன்று நாள் கழித்து, யாங்கோன் ஆற்றில் வரும்போது தூரத்தில் தன்லியின் ஊருக்குப் போகும் பாலம் தெரிந்தது. “அடுத்த நடைக்கும் சூடம் வாங்கணும்” என்றாள். இனியும் மறைத்தால் ஆபத்து என்று சிவராஜ் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

“அங்க நகா இல்ல, அக்கா. பூமிக்குள்ள இருந்து வர்ற கேஸ். நெருப்புக் காட்டினா பத்தும். என் தப்புதான்.”

நீலாம்பாள் கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். மூன்று நாளில் பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள்.

“அப்ப நான் யாருகிட்டத் தம்பி கேட்டேன்?”

அவன் பாத்திரத்தை வாங்கித் துடைத்தான். தமிழில் என்னென்னவோ தேடிப் பார்த்தான். அவள் சொன்ன அதே சொல்தான் கிடைத்தது.

“பொண்ணானாலும் சரின்னீங்க. பின்னால வந்துட்டே நான் கேட்டேன், அக்கா.”