அம்மாள் தந்த நித்திரை

புஸ்பத்துக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அன்று காலை அவள் தேய்த்த தேய்ப்பில் சட்டியின் கரியோடு அடியும் கழன்றிருக்கும். பின்னே என்ன? கட்டிய புருசன் வினாயகமூர்த்தி, அம்மன் கோயில் பூசாரியாரை அழைத்துவந்து முற்றத்தில் இருத்தி, இந்த வீட்டில் தீட்டுத் துடக்கு இருக்கிறது, அதனால்தான் அம்மாள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று முறையிட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரு வருசமாக மூத்திர உபத்திரவம். படுத்தால் இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டும். நித்திரை கெட்ட மனுசன் போன மாசம் வாவியில் வலை இழுக்கும்போதே கண்ணயர்ந்து தோணியிலிருந்து விழுந்தான். பக்கத்துத் தோணிக்காரர் தூக்கியிராவிட்டால் புஸ்பத்தின் கதி என்ன?

கிளினிக் டொக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்தார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கவில்லை, சீனி வருத்தமும் இல்லை, உப்புக் கூடினாலும் இரவில் மூத்திரம் முட்டும், உப்பைக் குறையுங்கள் என்றார். கேட்டானா? கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. புஸ்பம் உப்பைக் குறைத்துக் கறி ஆக்கினால், உப்புப் போத்தலை எடுத்துத் தானே அள்ளிப் போட்டுக்கொள்வான். மூத்திரம் தண்ணீரால்தானே வருகிறது என்று தண்ணீரை நிறுத்தினான், பெரிய கெட்டிக்காரன். பகலெல்லாம் வெயிலில் கிடப்பவன் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும்? எரிவு ஒன்றுதான் கூடியது.

அப்போதுதான் அம்மன் சடங்கு வந்தது. தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு, சடங்கு முடியுமட்டும் கோயிலிலேயே தங்கினான். அங்கே அவன் ஒரு இரவுகூட இடையில் எழும்பவில்லை. தீயில் இறங்கி வந்தவன், அம்மாள் என்னைச் சுகப்படுத்திவிட்டாள் என்று தேற்றாத்தீவு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். புஸ்பமும் அழுது கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் சாப்பாடு நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. அந்தக் கிழமை முடியுமுன் பழைய கூத்து திரும்பவும் தொடங்கியது.

அதற்குத்தான் இப்போது புஸ்பம் குற்றவாளி. தீட்டோடு அடுப்பைத் தொட்டாளாம், அம்மாளுக்கு அது பொறுக்கவில்லையாம்.

“நீ கொஞ்ச நாளைக்குக் கரடியனாத்துல தங்கச்சி வீட்ட போய் இரு. தீட்டுக்குக் கழிப்புக் கழிச்சாப்புறகு வா” என்றான், பூசாரியாருக்கு முன்னாலேயே.

புஸ்பத்தின் கை நின்றுவிட்டது. போவதா? இந்த வீடு அவளுடைய தாய் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. இவன் கலியாணத்தன்று உடுத்த வேட்டியோடு வந்து ஏறியவன். அவள் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“பூசாரியார், கோயில்ல இவருக்கு என்ன சோறு குடுத்தீங்க?”

பூசாரியார் யோசிக்கவே இல்லை. “உப்புப் போடாத சோறும் பயறும். அதுதானே நம்மட கோயில் முற.”

“கருவாடு?”

“சிவசிவா. கோயிலுக்குள்ள கருவாடா?”

புஸ்பம் உள்ளே போய், மிச்சக் கருவாட்டுக் குழம்புச் சட்டியையும் உப்புப் போத்தலையும் கொண்டுவந்து புருசனின் காலடியில் வைத்தாள்.

“அங்க ஒங்களச் சுகப்படுத்தினது இது இல்லாத சோறு. டொக்டரும் இதத்தான் சொன்னார். நீங்க கேக்கல்ல, அம்மாள் தின்னவிடாமத் தடுத்துக் காட்டினா. அப்பயும் விளங்கல்ல, துடக்கு எண்டு என்னத் துரத்துறீங்க. வெளிய போறதெண்டா இது போகட்டும். நான் போகமாட்டன். இது என்ட வீடு.”

பூசாரியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். துணைக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று வினாயகமூர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தான். அவரோ சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தவனுக்கு அவசரம் வந்துவிட்டது. சாரத்தைப் பிடித்துக்கொண்டு வளவின் பின்பக்கம் ஓடினான்.

“போயிற்று வாங்க” என்றாள் புஸ்பம். “வந்து பதில் சொல்லுங்க. நான் இஞ்சதான் நிப்பன்.”