பிடோக் வீட்டுப் புடவை

இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து மங்களம் ஊதினாள். கரி கனன்றது. சாம்பல் கண்ணில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் இருந்த அந்தச் சலவைக் கடையில் அவள் புருஷன் மருதப்பன் வெளுப்பான், அவள் தேய்ப்பாள். துணி மாறிப்போகாமல் இருக்க மூலையில் சேங்கொட்டை மையால் வீட்டுக்கொரு குறி போடுவதும் அவள்தான். துணியை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். எந்த வீட்டுக்காரன் குடித்துவிட்டு வருகிறான், எந்த வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பிடிபடாத வீடு பிடோக் கடற்கரை பங்களா ஒன்றுதான். சரக்குக் கிட்டங்கி முதலாளியின் மனைவி பாக்கியலட்சுமியின் புடவைகளில் ஒரு கறை இருக்காது, அடுப்படி வாடை இருக்காது. ஒரு மனுஷி இப்படியும் இருக்க முடியுமா என்று மங்களத்துக்கு ஒரே குறுகுறுப்பு. பொறாமையும்தான், அதை மறைப்பானேன். ஆனால் கடை ஓடுவதே அந்த வீட்டு மூட்டையால்தான்.

அந்த வாரம் அங்கிருந்து ஒரு ஜப்பான் வாயல் புடவை வந்தது. வெள்ளையில் நீலப் பூ. கஞ்சி போட்டுத் தேய்த்து மடிக்கும்போது அவள் கை நின்றுவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா மகளுக்குக் கல்யாணம்.

"ஒரு தடவ கட்டிட்டு அலசித் தேய்ச்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

வெளுக்கிற வீடுகளில் இது புதிதில்லை. மருதப்பனே தன் கல்யாணத்துக்கு யாரோ ஒரு வக்கீலின் சட்டையில்தான் வந்தான். இருந்தாலும் இப்போது பயந்தான்.

"பொண்ணோட அப்பா அவங்க கிட்டங்கியிலதான் வேல பாக்குறாரு. மொதலாளியம்மா வந்துட்டா?"

"கூலிக்காரங்க கல்யாணத்துக்கு அவங்க எதுக்கு வர்றாங்க? சும்மா இருங்க லா."

பாக்கியலட்சுமி வந்தாள். பட்டும் நகையுமாக வந்து, கோயில் மண்டபத்தில் அவளுக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். மங்களம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். ரத்தினம்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலிக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"எங்க மங்களத்தப் பாருங்கம்மா. இந்தப் பொடவ இவளுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் போட்டார்கள். முதலாளியம்மாவின் பட்டுப் புடவையை யாரும் பார்க்கவில்லை. பாக்கியலட்சுமியின் கண் அந்த நீலப் பூக்களின் மேல் ஏறி இறங்கியது.

"நல்லா இருக்கே. எங்க எடுத்த?"

"ஹை ஸ்ட்ரீட் கடையிலம்மா," என்றாள் மங்களம்.

"ம். ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மட்டும் பட்டு முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி இருந்தது. இவளுக்குமா இந்தப் பொறாமை என்று, பயத்துக்கு நடுவிலும் மங்களத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

புடவையை அலசி, முன்னைவிட நேர்த்தியாகத் தேய்த்து அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பிடோக் வீடு கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். புதன்கிழமை அந்த வீட்டு டிரைவர் அப்துல் அலீம் வழக்கம்போல் மூட்டையோடு வந்து நின்றதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?" என்று மங்களம் கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லக்கா. நல்லா வெளுத்து அனுப்பச் சொன்னாங்க." அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுப் போனான்.

மூட்டையை அவிழ்த்தாள். மேலேயே கறுப்பாகச் சில துணிகள். கார் எண்ணெய் வாடை அடித்தது. அந்த வீட்டிலிருந்து அவள் பார்த்த முதல் கறை. ஒன்றை எடுத்து விரித்தாள். வெள்ளையில் நீலப் பூ. புடவையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, கார் துடைக்கும் துணிகளாக ஓரம்கூட மடித்துத் தைத்திருந்தார்கள். ஒன்றின் மூலையில் அவள் போட்ட சேங்கொட்டைக் குறி அழியாமல் இருந்தது.

"வேல வந்துருச்சுல்ல, விடு," என்றான் மருதப்பன்.

மங்களம் சலவைச் சோடா கரைத்து அவற்றை ஊறப்போட்டாள். வெளுத்து, தேய்த்து, புடவை மடிப்பது போலவே மடித்து அனுப்பினாள். அடுத்த புதன்கிழமை மூட்டையில் அவையே மேலே இருந்தன, மறுபடி கறுத்துப்போய்.