தலைமை எழுத்தரின் கண்காணிப்பு நோட்டு

பழைய மாத்திரை தம்பியின் தலைக்குள் கேட்ட குரல்களை அடக்கியது உண்மைதான். கூடவே அவனையும் அடக்கிவிட்டது. கை நடுங்கியதால் புத்தகம் தைக்கும் வேலை போயிற்று. பாதி நாள் தூக்கம், மீதி நாள் தலையாட்டல். ஆறு வருடமாக வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. இவ்வளவு நல்ல பிள்ளை எங்கே கிடைப்பான்?

டாக்டர்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். "ஏதாவது மாற்றம் தெரிஞ்சா எழுதி வைங்க" என்று அண்ணனிடம் சொன்னார். பள்ளி அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அன்றே ஒரு நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டாயிற்று.

ஆறாவது வாரம் அண்ணன், அண்ணி, தம்பி மூவரும் டாக்டர் முன் உட்கார்ந்தார்கள்.

"சரிப்பட்டு வராது சார். பழைய மாத்திரையே குடுத்துடுங்க" என்றார் அண்ணன்.

தம்பி மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தான். அவை நடுங்கவில்லை.

டாக்டர் நோட்டை வாசித்தார். "திங்கள்: சிரித்தான். புதன்: உப்பு இல்லை என்றான். வெள்ளி: என்மேல் கோபப்பட்டான்... எதுக்குச் சிரிச்சாரு?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணிதான் சொன்னாள்: "இவர் பனியனைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஒழுக்கத்தைப் பத்திப் பாடம் எடுத்தாரு. நானும்தான் சிரிச்சேன்."

"உப்பு?"

"நெஜமாவே போட மறந்துட்டேன். இவரு ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாரு. யாருக்கு வைத்தியம் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

கோபத்துக்குத் தம்பியே பதில் சொன்னான். "குளிக்கும்போது கதவைத் தட்டி 'என்ன பண்ற'ன்னு கேட்டாரு. குளிக்கிறேன்னு நாலு தடவை சொன்னேன். அஞ்சாவது தடவை கத்திட்டேன்."

"நான் ரெண்டாவதுலயே கத்தியிருப்பேன்" என்றார் டாக்டர். "இப்ப குரல் ஏதாவது கேக்குதா?"

"அண்ணன் குரல் மட்டும்தான்."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி குரல் முத்திப்போன அன்னைக்கு இவனை நான்தான் சார் தூக்கிட்டு வந்தேன். மறுபடியும் அப்படி ஆயிட்டா..." பயத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். கடவுள் அதையும் பொறுத்துக்கொள்கிறார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "தூக்கம் கெட்டாலோ குரல் திரும்பி வந்தாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. உப்பு கேட்டா உப்பு குடுங்க." பழைய மாத்திரையை இன்னும் பாதியாகக் குறைத்து எழுதினார்.

திரும்பும் பேருந்தில் அண்ணன் தயங்கி நின்றார். "ஜன்னல் பக்கம் உக்கார்றியாடா?"

என்ன வேண்டும் என்று அவனிடம் யாரும் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. தம்பி நிதானமாக யோசித்தான்.

"வேண்டாம், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். நீ உக்காரு."

அண்ணன் மறுபேச்சில்லாமல் வெயிலில் போய் உட்கார்ந்தார்.